ஏழரை என்ன?

இன்று காலை காலி வீதிப் பாமசியில், அத்தனை சனத்துக்கு முன்னால், உன்னால் எனக்கு மானம் போனது. செத்தும் விடமாட்டாயா நீ?

நான் என்பாட்டுக்கு என் பிறஷர் குளிசைக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தாய், தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பிள்ளை, காய்ச்சல் பாணிப் போத்தலையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சிரிஞ்சையும் பையில் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஏழரை குடுங்க, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்றாள். உடனே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏழரை என்ன? ஏழரை மாம்பழமா?"

குரல் என்னுடையதுதான். சொன்னது நான் இல்லை, நீ. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை, "மில்லி அன்ட்டி, மில்லி" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடமாட்டாயே! "மில்லி என்ன? மில்லிகிராமா, மில்லிலீட்டரா?" என்று அடுத்ததும் வந்துவிட்டது. "லீட்டர்" என்று அவள் சிடுசிடுத்தாள். பின்னால் நின்ற ஒருவர், "என்ன, லீட்டர் கணக்கிலயா குடுக்கிறது!" என்று சொல்ல வரிசை முழுக்கச் சிரித்தது. இந்த வயதில் எனக்கு இது தேவைதானா?

ஆனால் அந்த இளம் தாய் சிரிக்கவில்லை. அவள் முகம் கறுத்துப் போயிருந்தது. மெல்ல என் பக்கம் சரிந்து, "அன்ட்டி, ஏழரையா குடுக்காமல் எட்டாக் குடுத்தால் என்ன? இல்லாட்டி ஏழு?" என்று கேட்டாள். எனக்குத் தலையில் கைவைக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து, வேறு ஒரு பெண்ணின் வாயில், அதே கேள்வி. அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதே. நீ அவசரப்பட்டதும் இல்லை, எங்களை அவசரப்பட விட்டதும் இல்லை.

உன்னோடு வேலை செய்தவர்களுக்கு மோட்சம் நிச்சயம் என்று நான் சொல்லுவேன். "எங்கட ஆக்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல அங்க போயிட்டு வா" என்று நீ கொட்டாஞ்சேனைத் தமிழில் பதில் சொல்லுவாய். நாங்கள் நர்ஸாக இருந்த கொழும்பு நர்சிங் ஹோமின் தீவிர சிகிச்சை அறையில் தமிழில் சண்டை பிடிக்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் ஓரத்து அனெக்ஸை வாடகைக்கு எடுத்திருந்த யாழ்ப்பாணத்தி, நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரி. என் 'எண்டு'வைப் பார்த்து நீ சிரிப்பாய், உன் 'ன்னு'வைப் பார்த்து நான் சிரிப்பேன். 'சனியன்' என்று நான் உன்னை ஏசாத நாள் இல்லை. அது யாருடைய பெயர் என்பதுகூட அப்போது உனக்குத் தெரியாது.

சண்டைக்குக் காரணம் எப்போதும் அந்தப் பம்ப்தான். சிரிஞ்சைப் படுக்கவைத்து, மருந்தை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அமுக்கிக்கொண்டிருக்கிற பெட்டி. அதன் முகத்தில் பல் வைத்த மூன்று சின்னச் சக்கரங்கள். விரலால் உருட்டினால் இலக்கம் மாறும். முதலாவது பத்துக்கு, இரண்டாவது ஒன்றுக்கு, மூன்றாவது புள்ளிக்குப் பிறகு வருவதற்கு. டொக்டர்மார் மருந்தை 'ஒரு கிலோ நிறைக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்' என்று சொல்லுவார்கள். பெட்டிக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்குத் தெரிந்தது மணித்தியாலத்துக்கு இத்தனை மில்லிலீட்டர், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலை எங்களுடையது. அந்த வேலைக்கு இந்த நாட்டில் நாங்கள் பழக்கப்பட்டவர்கள்தானே.

நான் மனதில் கணக்குப் போட்டுவிட்டுச் சக்கரத்தை உருட்டப் போவேன். நீ என் மணிக்கட்டைப் பிடிப்பாய். "அஞ்சு என்ன? அஞ்சு மாம்பழமா? மைக்ரோவா மில்லியா? கிலோவுக்கா, முழு ஆளுக்கா? நிமிஷத்துக்கா, மணிக்கா?" ஒரு முறை பெரிய டொக்டர் ஒருவர் போனில் 'ஐந்து போடு' என்றதற்கு, அவரிடமே ஆங்கிலத்தில் 'ஐந்து என்ன சேர்?' என்று கேட்டாய். அவர் போனை அடித்து வைத்தார். நீ திரும்ப எடுத்து, திரும்பக் கேட்டாய். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. இதோடு முடிந்ததா? இல்லை. வேகம் போட்ட பிறகும், அந்தப் பக்கத்தால் போகிற ஒவ்வொரு தடவையும் செபமாலை உருட்டுகிற மாதிரி மூன்று சக்கரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி இலக்கத்தைச் சொல்லுவாய். நோயாளிகள் கண்ணை மூடுவதே உன் சத்தத்துக்குத்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

செக்பொயின்டில் ஒரு நாள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கணக்கைக் கடதாசியில் போட்டால் துலைந்துவிடும் என்று நீ உள்ளங்கையில் பேனையால் எழுதுகிற ஆள். பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். உன் ஐடென்டி கார்டை வாங்கிய ஆமிக்காரப் பெடியன், கார்டைப் பார்க்காமல் கையைப் பார்த்தான். கை நிறைய இலக்கம், பெருக்கல், பிரித்தல், கடைசியில் ஒரு வட்டம். "மே மொனவத?" என்று கேட்டான். இதெல்லாம் என்ன என்று. குண்டு வெடிக்கிற காலத்தில், தமிழிச்சியின் கையில் நிமிடக் கணக்கு! நான் என் கார்டை நீட்டி அவன் கவனத்தைத் திருப்பப் பார்த்தேன். நீயோ அவனுக்குச் சிங்களத்தில் பாடம் எடுக்கத் தொடங்கினாய். நிறையை மருந்தால் பெருக்கு, அறுபதால் பெருக்கு, சிரிஞ்சில் ஒரு மில்லிலீட்டருக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அதால் பிரி. அவன் விரலை மடக்கி மடக்கிக் கேட்டான். பஸ் நிறையச் சனம் வெயிலில் நின்று எங்களைச் சபித்தது. கடைசியில் அவன் தன்னுடைய அம்மாவின் சீனி வருத்தத்தைப் பற்றி உன்னிடம் விசாரித்தான். நீ அதற்கும், "குளிசை எத்தினை? எத்தினை என்ன?" என்று தொடங்கினாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வருஷம்தான் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடப் பாஸ் எடுத்து, கப்பலில் குடலைப் பிடுங்கச் சத்தி எடுத்து, என் அனெக்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த களை ஆறமுதல், வடக்கிலிருந்து வந்த தமிழர் என்று பொலிஸில் பதிய வேண்டும். அந்த வரிசையில் நின்றபோதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எங்கள் இடத்துக்கே கொண்டுவந்தோம். இதயம் பாதிதான் அடிக்கிறது, பிறஷர் கிடந்த கிடையில் விழுந்துகொண்டே போகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கிற மருந்தைப் பம்பில் போடச் சொன்னார் டொக்டர், கிலோவுக்கு நிமிடத்துக்குப் பத்து மைக்ரோகிராம். அப்பா பிழைப்பதும் பிழைக்காததும் அந்தச் சிரிஞ்சில்தான் இருந்தது. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, சொந்தக்காரருக்குக் கைவைக்கக்கூடாது, பக்கத்துக் கட்டிலைப் பார் என்றுவிட்டா. அப்பா உன் கைக்குப் போனார்.

அப்பாவின் நிறையை அம்மாவிடம் கேட்டாய். "நூற்றிப் பத்துப் பிள்ளை" என்றா அம்மா. "நூத்திப் பத்து என்ன அம்மா?" என்றாய். அந்த நேரத்திலும்! அம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்து, "இறாத்தல்தான், வேற என்ன" என்றா. ஆக ஐம்பது கிலோ. நான் பக்கத்துக் கட்டிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் எலும்பைப் பார்த்தாலே நூற்றிப் பத்துக் கிலோ இல்லை என்று தெரியாதா என்று நினைத்தேன். உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வாயால் சொல்லிக் காதால் கேட்காமல் நீ கை வைக்கமாட்டாய்.

பிறகு கணக்கைச் சத்தமாகப் போட்டாய். ஐம்பது கிலோவுக்குப் பத்துப் பத்தாக நிமிடத்துக்கு ஐந்நூறு மைக்ரோகிராம், மணித்தியாலத்துக்கு முப்பதாயிரம். எங்கள் வழக்கமான கலவையில் ஒரு மில்லிலீட்டருக்குள் நாலாயிரம். முப்பதாயிரத்தை நாலாயிரத்தால் பிரித்தால் எவ்வளவு? உன் விரல் சக்கரங்களில் ஓடியது. "சைபர்... ஏழு... புள்ளி... அஞ்சு. ஏழரை!" என்று, ஏதோ லொத்தரில் விழுந்த மாதிரி, அறிவித்தாய்.

அம்மாவின் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பக்கத்துக் கட்டில்காரருக்குச் சத்தி. அம்மா என் காதுக்குள் வந்து, "கொப்பருக்கு இப்ப ஏழரை நடக்குது. மூண்டாம் சுத்து. மங்கு சனியும் பொங்கு சனியும் போய் இது மரணச் சனி. அந்தப் பெட்டியிலயும் அதையே எழுதி வைச்சிருக்கினம். எட்டாக்கச் சொல்லு பிள்ளை" என்றா. நான் எரிந்து விழுந்தேன். "அம்மா, இது சாதகம் இல்லை, மருந்து. சும்மா இருங்கோ" என்றேன். அவ சும்மா இருந்தா, நாங்கள் இரண்டு பேரும் மற்றப் பக்கம் திரும்பும்வரை.

மொனிட்டர் கத்தியபோது முதலில் திரும்பியது நான். அப்பாவின் நெஞ்சு தறிகெட்டுத் துடித்தது, முகம் சிவந்து, கண் பிதுங்கி. அப்பாவின் கட்டிலைத் தொடாதே என்றது சிஸ்டரின் கட்டளை. நான் காலடி எடுக்கமுதல் நீ பாய்ந்து வந்துவிட்டாய். மொனிட்டரைப் பார்க்கவில்லை, அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை. விரல் நேரே சக்கரத்துக்குத்தான் போனது. "ஒண்ணு... எட்டு... புள்ளி... சைபர்." உன் குரல் அன்றுதான் முதல்தடவையாகத் தாழ்ந்தது. பதினெட்டு! பம்பை நிற்பாட்டினாய்.

அம்மா கட்டில் ஓரத்தில் கைக்காப்பைப் பொத்திக்கொண்டு நின்றா. "நான் எட்டாக்கினனான் பிள்ளை. எட்டுத்தான்." ஏழை எட்டாக்கி, ஐந்தைச் சைபராக்கியிருக்கிறா. உருட்டும்போது கைக்காப்பு இடறி, முதலாவது சக்கரமும் ஒரு பல்லு நகர்ந்திருக்கிறது. அது அவவின் கண்ணுக்குப் படவில்லை. சனீசுவரனுக்குப் பயந்து என் அப்பாவை அம்மாவே கொன்றிருப்பா! அந்த மருந்துக்கு ஒரே ஒரு நல்ல குணம், வந்த வேகத்தில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கியது. நீ சக்கரத்தைத் திரும்பவும் ஏழரைக்குக் கொண்டுவந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து, பம்பை ஓடவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் உன் காலில் விழாத குறை. "எடி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சக்கரம் தானா வழுக்கினது எண்டு சொல்லு" என்றேன். யோசித்துப் பார். பொலிஸ் பதிவின் மை காயாத தமிழ் மனுஷி, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி மெஷினில் கை வைத்திருக்கிறா. யாராவது ஒருத்தர் ஒரு போன் எடுத்தால் போதும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா இங்கே, அம்மா அங்கே, நான் நடுவில். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்கள் போனார்கள். உனக்கும் அது தெரியும், உன் வீட்டு ஒழுங்கையிலும் ஆட்கள் போயிருந்தார்கள்.

நீ என்னைப் பார்த்து, "கூடக் கொஞ்சம் மருந்து உள்ள போயிருக்கு. எவ்வளவுன்னு டொக்டருக்குத் தெரியணும். அவர் தெரியாம அடுத்த ஓடர் போட்டா அப்பாதான் போவாரு" என்றாய். போய்ச் சொல்லியும் விட்டாய். எனக்கு முன்னாலேயே, சிங்களத்தில், ஒன்றும் ஒளிக்காமல். இந்த அம்மா இலக்கத்துக்குப் பயந்து உருட்டிவிட்டா, இத்தனை நிமிடம் ஓடியது, நான் நிற்பாட்டினேன் என்று. அந்த நிமிடத்தில் உன்னைக் கழுத்தை நெரித்திருப்பேன். சனியன், சனியன், சனியன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

டொக்டர் அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், மொனிட்டரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, என்ன இலக்கம் என்று கேட்டார். நான்தான் சொன்னேன், ஏழரை, சனிக் கிரகம் என்று. "ஆ! ஏராஷ்டகே!" என்றார் அந்த மனுஷன். சிங்கள ஆட்களுக்கும் அதே சனி, அதே பயம், பெயர்தான் வேறு. தனக்கு அந்தக் காலம் நடந்தபோது தன் அம்மா அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே இடுப்பு நோவு வாங்கிக்கொண்டா என்று சொல்லி, அம்மாவுக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். போன் ஒன்றும் போகவில்லை. அந்த அறையில் நாட்டுச் சண்டையின் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் விளங்கிய விஷயம், நடுவில் நின்ற உனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. "யாரு அது சனி? அவருக்கும் பம்புக்கும் என்ன?" என்று கேட்டாய். சொன்னேன். நீ இடுப்பில் கைவைத்து, "அப்ப நீ தெனம் என்னைய ஏசுறது இந்த ஆளத்தானா?" என்றாய். அழுகிற நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

இத்தோடு ஒரு பிளாஸ்டரை எடுத்துச் சக்கரத்துக்கு மேல் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாமா, இல்லையா? பிளாஸ்டர் ஒட்டினாய்தான். ஆனால் அம்மா கதிரையில் இருந்து அந்தப் பெட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. நீ டொக்டரிடம் போய், "சேர், இலக்கத்த மாத்தலாமா? மருந்து மாறாது" என்றாய். சிரிஞ்சுக்குள் மருந்தைக் கூட்டிப் போட்டால், அதே முப்பதாயிரம் மைக்ரோகிராம் குறைஞ்ச தண்ணியில் போகும். நாலாயிரத்துக்குப் பதிலாக மில்லிலீட்டருக்கு ஆறாயிரம். முப்பதாயிரத்தை ஆறாயிரத்தால் பிரி. ஐந்து. இந்த இதயத்துக்குத் தண்ணி குறைவதும் நல்லதுதான் என்று அவர் சம்மதித்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. படித்த ஆட்கள் இரண்டு பேர், ஒருத்தர் டொக்டர், ஒருத்தி நர்ஸ், சனி பகவானுக்காகக் கலவையை மாற்றுகிறீர்கள்! நாளைக்கு வேறு ஒருத்தி வந்து வழக்கமான கலவை என்று நினைத்துச் சக்கரத்தை உருட்டினால் என்ன நடக்கும்? அதைத்தான் கேட்டேன். நீ கேட்டுக்கொண்டாய். சிரிஞ்சைச் சுற்றிப் பெரிய வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, மில்லிலீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று மூன்று பாஷையிலும் எழுதினாய். உன் ஷிப்ட் முடிந்த பிறகும் போகாமல் நின்று, அடுத்து வந்தவளின் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்து வாசிக்க வைத்தாய். அவள் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை.

ஆனால் கதையே வேறு. நீ அந்த மருந்தை இழுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு அம்பியூல் கண்ணாடிக் குப்பிக்குள் ஐந்து மில்லிலீட்டர். புதுக் கலவைக்கு ஒன்றரை அம்பியூல் வேண்டும். நீ உன் வழக்கப்படி சத்தமாகத் தொடங்கினாய். "மொத அம்பியூல் அஞ்சு மில்லிலீட்டர். அடுத்ததுல பாதி, ரெண்டரை மில்லிலீட்டர். மொத்தம்..." அப்படியே நிறுத்தினாய். என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். மொத்தம் ஏழரை. பெட்டியின் முகத்தில் இருந்து துரத்திய ஏழரை சிரிஞ்சுக்குள் போய்க் குந்தியிருந்தது! உன் உதடு துடித்தது. "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாய், நான் கேட்ட வரையில் உன் வாழ்க்கையிலேயே மெதுவான குரலில்.

"மருந்து அஞ்சும் ரெண்டரையும் அம்மா" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாய். "பெட்டியில இப்ப அஞ்சு." அம்மா கும்பிட்டா.

அப்பா பிழைத்தார். வீட்டுக்கு நடந்து போனார், அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கலுக்கு வடையில் உப்புக் காணாது என்று குறை சொன்னார். மருந்து பிழைக்க வைத்தது, டொக்டர் பிழைக்க வைத்தார், நீ நேரத்துக்கு நிற்பாட்டியது பிழைக்க வைத்தது. அம்மா ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான் அவரின்ரை ஏழரையைக் கழிச்சு விட்டது" என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தா. உன் பெயரில் கோவிலில் அர்ச்சனை செய்ய வேண்டும், நட்சத்திரம் என்ன என்று கேட்டா. நீ கொஞ்சமும் வெட்கமில்லாமல், "யேசு பொறந்த நத்தார் நட்சத்திரந்தான் அம்மா, எங்ககிட்ட அது ஒண்ணுதான் இருக்கு" என்றாய். அம்மா அதை அப்படியே கொண்டுபோய் ஐயரிடம் சொல்ல, ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

போகட்டும். இந்த மடலை அதற்காக எழுதவில்லை. இந்தத் தை மாதம் நீ படுத்த கட்டிலைப் பற்றி உன்னிடம் ஒன்று கதைக்க வேண்டும். கிருமி இரத்தத்தில் ஏறி, பிறஷர் விழுந்து, உன் பக்கத்திலும் ஒரு பம்ப். இப்போதைய பம்ப், சக்கரம் இல்லை, திரை. அந்த நர்ஸ் பிள்ளை உன் நிறையைத் தட்டினாள், மருந்தைத் தட்டினாள், பெட்டியே கணக்குப் போட்டது. எங்கள் கொழும்பு வாழ்க்கை முழுக்க அடிபட்டுச் செய்த கணக்கு, ஒரு 'பீப்' சத்தத்தில். பச்சை எழுத்தில் வந்து நின்றது: 7.5.

நான் நம்பாதவள் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு எரிந்து விழுந்தவள் நான்தான். அப்படிப்பட்ட நான் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய், "பிள்ளை, இதை வேற கலவையில போட ஏலாதோ?" என்று கேட்டேன். "ஏன் அன்ட்டி?" என்றாள். "சும்மாதான்" என்றேன். "ஏலாது அன்ட்டி. சிஸ்டத்தில லொக் பண்ணியிருக்கு. பிழை வரக்கூடாது எண்டுதானே" என்றாள். சரியான பதில். நீயே சொல்லிக் கொடுத்த மாதிரியான பதில். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

நீ கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "ஏழரை என்ன?"

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். நீ திரும்பக் கேட்டாய், அந்த டொக்டரிடம் போனில் திரும்பக் கேட்ட மாதிரி. "ஏழரை என்னடி?"

"மில்லிலீட்டர்" என்றேன்.

"எத்தினைக்கு?"

"மணித்தியாலத்துக்கு."

"ஆ. பொறகென்ன" என்றாய்.

அடுத்த நாள் அந்த இலக்கம் ஏறத் தொடங்கியது. எட்டரை. பதினொன்று. மருந்து கூடக் கூட உன் பிறஷர் இறங்கியது. இலக்கம் ஏறினால் என்ன அர்த்தம் என்று நீயும் நானும் படிக்காதவர்களா? நான் உன் கட்டிலடியில் இருந்து, இறங்கி வா, ஏழரைக்கு இறங்கி வா என்று அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதே, எனக்கே தெரியாது. எல்லாரும் பயப்படுகிற அந்த ஏழரையிலேயே நீ நின்றிருக்கக்கூடாதா? ஏழரையில் நீ என்னோடு கதைத்தாய். அதற்கு மேலே போன பிறகு கதைக்கவில்லை. எனக்கு உன்னில் கோபம் தீரவில்லை, சொல்லிவிட்டேன்.

சரி, பாமசிக்கு வருகிறேன். அந்த இளம் தாய், "எட்டாக் குடுத்தால் என்ன?" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் நிறைய ஏச்சு வந்தது. மருந்து என்ன மாமிசமா, நிறுவைக்குக் கொஞ்சம் கூடக் குறையப் போட? ஆனால் அவள் குழந்தையின் நெற்றியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து அந்தச் சிரிஞ்சை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மில்லிலீட்டர்ச் சிரிஞ்ச். எப்படியும் இரண்டு தரம்தான் இழுக்க வேண்டும்.

"எட்டும் வேண்டாம், ஏழும் வேண்டாம்" என்றேன். "இஞ்ச பாருங்கோ பிள்ளை. முதல்ல ஐஞ்சு குடுங்கோ. பிறகு இந்தக் கோடு மட்டும் இழுத்து ரெண்டரை குடுங்கோ. ஐஞ்சும் ரெண்டரையும். சரியே?"

அவள் முகம் விடிந்தது. "ஐஞ்சும் ரெண்டரையும்" என்று திருப்பிச் சொன்னாள். குழந்தையைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு, காலி வீதியைக் கடந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைக்குள் போனாள். நான் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான், அந்த ஆளும் இல்லை. குளிசையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பிடம்கூட வரவில்லை, காதுக்குள் உன் குரல்: "ரெண்டரை என்ன?"

நடுத்தெருவில் நின்று, போகிற வருகிற சனம் பார்க்கப் பார்க்க, வாய்விட்டுப் பதில் சொன்னேன்.

"மில்லிலீட்டர்தான், சனியனே. மில்லிலீட்டர்."